மூடி வைத்த லேப்டாப்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் குருவைவிடச் சீடருக்கு வயது கூடுதல். குரு, உமையாள் அம்மை. சீடர் பொன்னம்பலம், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தவர்.

குருவின் பேச்சுகளை லேப்டாப்பில் ஏற்றுவது அவர் பொறுப்பு. அதோடு விட்டாரா? தோட்டம், அடுப்படி, தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டார். மனிதர் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலை குருவின் முன் வந்து நின்றார்.

"அம்மா, நான் ஊருக்கே கிளம்பறேன். எனக்குத் தியானம் வராது. கண்ணை மூடினா போதும், அவ நினைப்பு வந்து நெஞ்சை அடைக்குது."

"கையில என்ன?"

"லேப்டாப். ஒப்படைச்சுட்டுப் போகலாம்னு. காலையில திறந்தா நகரவே மாட்டேங்குது. வைரஸ் சோதனை, பேக்கப், அப்டேட் எல்லாம் ஒண்ணா ஓடுது. அதையெல்லாம் நிறுத்திடட்டுமா?"

"அதுக்கெல்லாம் நேரம் குறிச்சிருக்கா?"

"மதியம். யாரும் தொடாத நேரம்."

"அப்போ ஏன் ஓடலை?"

"என் வேலை முடிஞ்சதும் மூடி உறையில போட்டுடுவேன். மூடினா தூங்கிடும். மறுபடி திறந்ததும் விட்டுப்போனதையெல்லாம் செய்ய ஆரம்பிச்சுடும்."



"எதையும் நிறுத்த வேண்டாம். சார்ஜரைப் போட்டுத் திறந்து வைங்க. அது முடிக்கிறவரைக்கும் பக்கத்துல உட்காருங்க. நீங்க ஒண்ணும் செய்யக் கூடாது. அப்புறம் கிளம்புங்க."

"காய் நறுக்கணுமே, அம்மா."

"நான் பார்த்துக்கறேன்."

பொன்னம்பலம் உட்கார்ந்தார். லேப்டாப்பின் விசிறி இரைந்தது. திரையில் பச்சைக் கோடு ஆமை வேகத்தில் நகர்ந்தது. கைக்கு ஒரு வேலையும் இல்லை.

கோடு பாதி தூரம் போவதற்குள் மனைவி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு வாய் தண்ணீர் கேட்டாள். கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவரும் கொடுக்கவில்லை.

எழுந்து தோட்டத்துக்குப் போய்விடலாமா என்று பார்த்தார். குருவிடம் ஒப்புக்கொண்ட பிறகு எப்படிப் போவது? காரியத்தின்போதுகூட, வந்தவர்களுக்கு இலை போடுகிறேன் என்று ஓடிக்கொண்டிருந்தவர், இப்போது உட்கார்ந்த இடத்திலேயே தேம்பித் தேம்பி அழுதார். வெகு நேரம் அழுதார். துக்கம் அவ்வளவு இருந்தது.

குரு ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்தார்.

"முடிஞ்சுதா?"

"எப்பவோ முடிஞ்சுது, அம்மா. விசிறிகூட நின்னுபோச்சு."

"நான் லேப்டாப்பைக் கேட்கலை."

பொன்னம்பலம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"இல்லம்மா. இன்னும் இருக்கு."

"அப்போ நாளைக்கும் உட்காருங்க. சமையலை நான் கவனிச்சுக்கறேன்."