நேக்கர்டும் நிக்டும்

"கார்டைக் கழற்றி இதுல போடு." கால்சென்டர் பயிற்சியாளர் ரூபன் தகர டப்பாவை நீட்டினார். அதில் ஏற்கனவே இரண்டு அடையாள அட்டைகள் கிடந்தன. லண்டன் கொச்சைச் சொற்களுக்கு அர்த்தம் தெரியாத அந்த இருவரும் வேலை போய் வாசலில் அழுதுகொண்டிருந்தார்கள்.

அடுத்து நின்ற அமலோற்பவம் தன் அட்டையைப் போட்டாள்.

"நேக்கர்ட், நிக்ட். வித்தியாசம் சொல்லு. இல்லேன்னா நீயும் கிளம்பு."

அவளுக்கு இரண்டுமே தெரியாது. "சார், நீங்க கஸ்டமரா பேசுங்க. நான் லைன்ல இருக்கிற மாதிரி பதில் சொல்றேன்."

ரூபனுக்கு நடிக்கப் பிடிக்கும். வெள்ளைக்காரக் குரலில் கத்தினார்: "என் போன் நேக்கர்ட்!"

"சாரி சார். போன் கையில இருக்கா?"

"இருக்கு. ஆன் ஆகல, சனியன்!"

"அடுத்தது சார்?"

"என் போன் நிக்ட்!"

"இப்ப யார் போன்லேருந்து பேசுறீங்க?"

"பொண்டாட்டி போன்லேருந்து. என்னோடதைத்தான் பஸ்ல எவனோ..." சட்டென்று நிறுத்தினார்.

"முதல்ல சொன்னது பழுது சார். ரெண்டாவது திருட்டு."

வகுப்பிலிருந்த மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"நான் சொல்லித்தானடி உனக்குத் தெரிஞ்சுது?"

"கஸ்டமரும் அவங்களாவே சொல்லிடுவாங்க சார்."

ரூபன் திரும்பிக்கொண்டு பலகையை அழிக்கத் தொடங்கினார். அமலோற்பவம் டப்பாவிலிருந்து மூன்று அட்டைகளையும் எடுத்துக்கொண்டு, அந்த இருவரையும் உள்ளே கூப்பிட வாசலுக்கு நடந்தாள்.