கட்டியாச்சா?

கரையில் பிலவேந்திரன் அத்தான், தொபியாஸ் அவருடைய மச்சினன். விசைப்படகு துறைமுகத்தைத் தாண்டிவிட்டால் முறை தலைகீழ். வயதில் சின்னவனான தொபியாஸ்தான் டிரைவர், அவன் சொன்னதுதான் வேதம். அத்தானுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. தொழில் கற்க வந்துவிட்டு முறை பார்த்தால் நடக்கிற காரியமா?

படகில் பிலவேந்திரனின் வேலை மடியின் வாலைக் கட்டுவது. இழுவைமடி ஒரு பெரிய பை மாதிரியான வலை. வாய் அகலம், வால் குறுகல், வாலின் நுனி திறந்தே கிடக்கும். அதைக் கயிற்றால் சுருக்கிக் கட்டினால்தான் உள்ளே போன மீன் உள்ளே நிற்கும். மடி இறங்குமுன் டிரைவர் "கட்டியாச்சா?" என்று கத்துவான். பிலவேந்திரன் "கட்டியாச்சு!" என்று கத்துவார். அந்தப் பதில் வராமல் மடி தண்ணீரைத் தொடாது. அந்தப் படகின் வழக்கம் அது.

முதலாளி இன்னொரு படகு வாங்கியிருந்தார். அதை ஓட்டப் பிலவேந்திரன் சரிப்படுவாரா என்று அன்று சாயங்காலம் தொபியாஸ் சொல்ல வேண்டும். மனுஷன் அதுவரை பொறுத்தாரா? தெருவுக்கே சொல்லிவிட்டார். பெண்டாட்டி கோயிலில் மெழுகுவர்த்திகூட ஏற்றிவிட்டாள்.

"மாப்ள, ஒருத்தன் எப்ப டிரைவர் ஆவான்?" என்று கேட்டார்.

"இன்னைக்கு நீங்க மடி இறக்குங்க அத்தான். பொறவு சொல்லுதேன்."

தொபியாஸ் சுக்கானை அவரிடம் விட்டுவிட்டு, பின்பக்கம் போய் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டான்.

பிலவேந்திரன் சுக்கானைப் பிடித்தார். கடலடியையும் மீனையும் காட்டும் எக்கோ திரையில், பாறை இல்லாத சேற்றுத் தரையாகப் பார்த்து வேகத்தைக் குறைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கட்டியாச்சா?"

கேட்ட வாயே பதிலும் சொன்னது. "கட்டியாச்சு!"

பழக்க தோஷம். இத்தனை வருஷமாக அந்தக் கேள்வி காதில் விழுந்தால் அவர் வாய் தானாகத் திறக்கும். அன்றைக்கும் திறந்தது. அவரே கட்டிவிட்டுத்தான் சுக்கானுக்குப் போயிருக்கிறார் என்று ஆட்கள் நினைத்துச் சிரித்தார்கள். பதில் வந்துவிட்டதே என்று அவருக்கும் நிம்மதி. யார் சொன்ன பதில் என்று அந்த நேரத்தில் எவன் யோசிப்பான்?

வால் முதலில் இறங்கியது. பின்னாலேயே மடியின் உடம்பு, மிதவையும் சங்கிலியும் கோத்த வாய், கடைசியாகக் கதவு மாதிரி இரண்டு பலகைகள். வின்ச் இயந்திரத்தில் நின்ற கஸ்பார் வயரை விட விட, பலகைகள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் விலகின.

"நேர்த்தியா போகுது அண்ணாச்சி!" என்றான் கஸ்பார்.

மத்தியானம் மடியைத் தூக்கினார்கள். முதல் இழுவையின் கட்டைத் தன் கையால் அவிழ்க்க வேண்டும் என்று பிலவேந்திரன் பின்பக்கம் ஓடி வந்தார். வால் மேலே வருமுன்னே குனிந்து பிடித்தார்.

அவிழ்க்கக் கட்டு இல்லை. கயிறு சும்மா தொங்கியது.

கயிற்றை உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டு, அவிழ்ப்பவர் போலப் பாவனை செய்து வாலை உதறினார். ரெண்டு நண்டும் கொஞ்சம் பாசியும் விழுந்தன.

"என்ன அண்ணாச்சி, ஒண்ணையும் காணோம்?"

"இந்தப் பக்கம் மீனே இல்லல," என்றார் பிலவேந்திரன்.

தொபியாஸ் ஐஸ் பெட்டியை விட்டு எழுந்தான்.

"டிரைவர் மீன் இல்லங்காரு. மடியை உள்ள ஏத்துங்க. தெக்க போயிப் பாப்போம்."

தெற்கே போய்ச் சேரவே பொழுது சாய்ந்துவிடும். அப்புறம் மடி போட ஏது நேரம்? வெறும் படகாகக் கரைக்குத் திரும்ப வேண்டியதுதான். இங்கேயோ எக்கோ திரையில் மீன் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. கஸ்பார் முனகிக்கொண்டே மடியைச் சுருட்ட ஆரம்பித்தான். அவன் வீட்டில் மறுநாள் பிள்ளைக்குக் கோயிலில் முதல் நன்மை விசேஷம், செலவுக்கு இன்றைய மீன்பங்குதான். பிலவேந்திரனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நில்லுல!"

கஸ்பார் திரும்பினான்.

"இங்க மீன் இருக்கு. நான்தான் வாலைக் கட்டல. கேட்டதும் நானே, பதில் சொன்னதும் நானே." உள்ளங்கையை விரித்துக் கயிற்றைக் காட்டினார்.

"நல்லாயிருக்கு போங்க!" என்றான் கஸ்பார். "காலையிலேருந்து மீனுக்கு வாசல் தொறந்து விட்டுக்கிட்டா இருந்தோம்?"

பிலவேந்திரனுக்கு அவமானத்தில் காது சிவந்துபோனது. தெருவில் எந்த முகத்தோடு நடப்பது? "சுக்கானை நீயே பிடி மாப்ள," என்றார்.

தொபியாஸ் நகரவில்லை. "மடி இன்னும் இறங்கல, டிரைவரே."

வேறு வழியில்லாமல் அவரே போய்ச் சுக்கானைப் பிடித்தார். கஸ்பார் வாலின் பக்கம் குனிந்தான்.

"கட்டியாச்சா?" என்று கத்திவிட்டு, பிலவேந்திரன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"கட்டியாச்சு!" என்றான் கஸ்பார்.

அந்த இழுவையில் மடி கனத்து வந்தது. வின்ச் முக்கியது. ஆட்கள் காலையில் நடந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே மீனைப் பிரித்தார்கள். பிலவேந்திரனும் சிரித்துப் பார்த்தார், முடியவில்லை.

கரை தெரிந்ததும் தொபியாஸ் பக்கத்தில் வந்து நின்றான்.

"முதலாளிகிட்ட என்ன சொல்லப்போற?"

"நீங்க ஓட்டலாம்னு."

"கட்டாத மடிய இறக்குன ஆளையா?"

"நான் உக்காந்திருந்த பெட்டியத் தாண்டித்தானே வால் போச்சு? கயிறு ஆடுனதப் பாத்தேன்."

பிலவேந்திரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அட பாவி! பாத்துட்டா சும்மா இருந்த? அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மொத இழுவையிலயே மீன் வந்திருக்குமே!"

"மீன் வந்திருக்கும் அத்தான்," என்றான் தொபியாஸ். "டிரைவர் வந்திருக்க மாட்டாரு."