உடும்பைக் கொடுத்துத் தவளை வாங்கிய மான்

தை பிறந்தால் போதும், வஞ்சி என்ற புள்ளிமானுக்குத் தூக்கம் போய்விடும். மற்ற விலங்குகள் பனிக்கு நடுங்கும். வஞ்சி கோடையை நினைத்து நடுங்கும்.

காரணம் இருந்தது. அந்தக் காட்டில் ஒரே ஒரு குளம். மழைக்காலத்தில் எல்லாருக்கும் போதும். கோடையில் வற்றி, நடுவில் ஒரு சின்ன மடுவாகச் சுருங்கிவிடும். அப்போது வடகரை விலங்குகளுக்கும் தென்கரை விலங்குகளுக்கும் அடிதடி நடக்கும். கொம்பு முறியும், கால் ஒடியும். இது வேண்டாம் என்று இரு கரையாரும் கூடி ஓர் ஏற்பாடு செய்தார்கள். தை முதல் பங்குனி வரை இருபத்தோரு ஆட்டம். அதிக ஆட்டம் ஜெயிக்கிற கரைக்கு அந்தக் கோடை முழுவதும் மடு சொந்தம். தோற்ற கரை இரண்டு மலை தாண்டி ஆற்றுக்குப் போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆற்றுப் பாதையில் சிறுத்தை உண்டு.

போன வருஷம் தென்கரை தோற்றது. வஞ்சி குட்டியோடு ஆற்றுக்குப் போய், தனியாகத் திரும்பி வந்தது. இந்த வருஷம் அதன் மடியில் இன்னொரு குட்டி பால் குடித்துக்கொண்டிருந்தது. தென்கரை அணிக்குத் தலைமையும் வஞ்சிதான். தூக்கம் எப்படி வரும்?

ஆட்டத்தின் பெயர் எட்டிப்பந்து. எட்டிக்காய்தான் பந்து. முதலில் விளாங்காயை வைத்து ஆடிப் பார்த்தார்கள். பாதி ஆட்டத்தில் கரடி பந்தைத் தின்றுவிட்டது. எட்டிக்காயை எந்த விலங்கும் வாயில் வைக்காது. ஓர் அணி எறியும், மற்ற அணி அடிக்கும். குளம்போ, மூக்கோ, பின்னங்காலோ, அவரவருக்கு வாய்த்ததால் அடிக்கலாம். மூன்று முறை தவறவிட்டால் வெளியே. அடித்துவிட்டு நான்கு மரங்களைச் சுற்றி ஓடி வந்தால் ஒரு சுற்று. அதிகச் சுற்று எடுத்த அணிக்கு வெற்றி.

எறிவதற்கு என்று வஞ்சி ஓர் ஆளைத் தேடிப் பிடித்திருந்தது. சாத்தன் என்ற உடும்பு. போன சித்திரையில் ஒரு மதியம், கொதிக்கிற பாறைமேல் நின்று சாத்தன் வாலைச் சுழற்றி ஒரு காயை எறிந்தது. மரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்த இன்னொரு காயை அது நடுவானில் அடித்துத் தள்ளியது. வஞ்சி அதைக் கண்ணால் பார்த்தது.

"எங்க அணிக்கு வர்றியா தம்பி?" என்று அப்போதே கேட்டது.

"வர்றேன் அக்கா! பிடிச்சா விடமாட்டேன்!" என்றது சாத்தன். உடும்புப் பிடியைப் பற்றி ஊருக்கே தெரியுமே!

தை மாதம் முதல் ஆட்டம். விடிந்தும் பனி விலகவில்லை. சாத்தனின் வால் விறைத்துக் கிடந்தது. அது எறிந்த காய் தள்ளாடிப் போய் விழுந்தது. எதிரே வடகரையின் துள்ளன் என்ற தவளை! ஈரப் புல்லில் ஒரு துள்ளு, பின்னங்காலால் ஓர் உதை. காய் பறந்தது. நான்கே தாவலில் நான்கு மரத்தையும் சுற்றி வந்துவிட்டது.

தென்கரை தோற்றது. இரண்டாம் ஆட்டத்திலும் தோற்றது. மூன்றாவதிலும் தோற்றது.

ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் ஆள்காட்டிப் பறவை குளக்கரைப் பாறையில் ஏறித் தன் கருத்தைக் கத்திச் சொல்லும். யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லும். கேட்காமல் இருக்கவும் முடியாது, தொண்டை அப்படி.

"தென்கரை தேறாது! தேறவே தேறாது! சாத்தன் கதை முடிஞ்சுபோச்சு! வடகரை எருமை இந்த வருஷம் இளைச்சிருக்கு! தென்கரை முயலுக்கு ஒரு காது சாஞ்சிருக்கு, நல்லதுக்கில்ல! துள்ளன்தான் இந்த வருஷத்து வீரன்! எழுதி வச்சுக்குங்க!"

உடும்பு என்றாலே ஆள்காட்டிக்கு ஆகாது. தரையில் முட்டையிடுகிற பறவை, முட்டை தின்கிற பிராணி. இரண்டுக்கும் என்ன உறவு இருக்கும்? இதை வஞ்சி யோசித்திருக்கலாம். ஆனால் பயம் வந்தபிறகு யோசனை எங்கே வரும்?

மூன்றாம் ஆட்டத்துக்கு மறுநாள் மாற்றுநாள். அன்று ஒருநாள் மட்டும், இரு கரையும் சம்மதித்தால் ஓர் ஆளைக் கொடுத்து ஓர் ஆளை வாங்கலாம். மாறிப் போகிறவர் அந்தக் கரைச் சேற்றில் கால் பதிக்க வேண்டும். பதித்த கால் அந்த வருஷம் திரும்பக் கூடாது.

விடியும் முன்பே வஞ்சி குளக்கரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தது. குட்டி பின்னாலேயே ஓடிக் களைத்துப் படுத்துவிட்டது.

"இருபத்தொண்ணுல மூணு போச்சு. இன்னும் எத்தனை போகும்?" என்று வஞ்சி தனக்குத்தானே முணுமுணுத்தது. "குட்டியைக் கூட்டிக்கிட்டு மறுபடியும் அந்தப் பாதையிலயா?"

ஆள்காட்டி பறந்து வந்து எதிரே இறங்கியது. "என்ன யோசனை! இப்பவே மாத்திடு! நாளைக்கு நெனச்சாலும் முடியாது!"

சாத்தன் மெல்ல ஊர்ந்து வந்தது. அதன் காதிலும் விழுந்திருந்தது.

"அக்கா, எனக்கு உடம்பு சூடேறணும். இந்தக் குளிர்ல நான் எறியறது நானே இல்ல. மாசி பாதி வரைக்கும் பொறுத்துக்குங்க. அப்புறம் பாருங்க!"

"மாசி பாதி வரைக்கும் தோத்துக்கிட்டே இருக்கச் சொல்றியா?" என்று வஞ்சி சீறியது.

"நீங்கதானே பாறையில என்னப் பார்த்துக் கூப்பிட்டீங்க?"

வஞ்சிக்கு அந்தச் சித்திரை மதியம் நினைவுக்கு வந்தது. அது ஒரு நாள் பார்த்தது. இதோ, மூன்று ஆட்டம் பார்த்தாயிற்று. இரண்டில் எது பெரிது? பயந்த கணக்கு அப்படித்தான் வரும். வஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வடகரைத் தலைவர் ஊசியார் என்ற முள்ளம்பன்றி. பல கோடை கண்ட பிராணி. தவளையைக் கேட்டு மான் வந்ததும் ஊசியார் முள்ளெல்லாம் சிலிர்க்கப் பெருமூச்சு விட்டது.

"துள்ளனையா கேக்குற? ஐயோ தாயி, அவன் எங்க உசிராச்சே!"

"சாத்தனத் தர்றேன்" என்றது வஞ்சி.

"தோத்த உடும்ப வச்சு நான் என்ன பண்ண? சரி... நீ இவ்வளவு கலங்குறத என்னால பாக்க முடியல. எடுத்துக்க!"

வஞ்சியின் கண்கள் கலங்கின. நன்றி சொன்னது! ஊசியார் வந்த சிரிப்பை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கியது. பங்குனி வெயிலில் ஒரு தவளை என்ன செய்யும் என்பது அதற்குத் தெரியும்.

சாத்தன் வடகரைச் சேற்றில் கால் பதித்தது. துள்ளன் தென்கரைச் சேற்றில் கால் பதித்தது. சாத்தன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பிடித்தால் விடாத பிராணியைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள், அது வேறென்ன செய்யும்?

அடுத்த ஐந்து ஆட்டமும் தென்கரைக்கு வெற்றி. துள்ளன் துள்ளிய துள்ளில் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆள்காட்டி பாறையில் நின்று, "நான் சொன்னேனா இல்லையா!" என்று தொண்டை கட்டும் வரை கத்தியது. வஞ்சி இரண்டு இரவு தூங்கியது. மூன்றாம் இரவு மறுபடியும் விழித்துக்கொண்டது. பழக்கம்.

மாசி பிறந்தது. பனி நின்றது. புல் நுனி மஞ்சளானது.

"அக்கா, கொஞ்சம் தண்ணி தெளிங்க, தோல் இழுக்குது" என்றது துள்ளன். ஆட்டத்துக்கு ஒருமுறை கேட்டது. பிறகு ஒவ்வொரு மரத்தடியிலும் கேட்டது. நான்கு தாவல் எட்டாயிற்று, எட்டு பதினாறாயிற்று.

அக்கரையில் சாத்தன் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நாளுக்கு நாள் அதன் வால் இளகியது. ஒருநாள் அது எறிந்த காய் வந்ததையே தென்கரைப் பன்றி பார்க்கவில்லை. காதோரம் 'விர்ர்' என்ற சத்தத்தை மட்டும் கேட்டது.

வஞ்சி அதைப் பார்த்தது. ஏறிய படியெல்லாம் தென்கரை இறங்கத் தொடங்கியது. ஒரு வெற்றி, இரண்டு தோல்வி. மறுபடியும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி. இருபது ஆட்டம் முடிந்தபோது பத்துக்குப் பத்து.

கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள் வஞ்சி துள்ளனைத் தேடிப் போனது. சேற்றில் ஒரு துளை. உள்ளே இரண்டு கண்கள்.

"நாளைக்கு ஆட்டம்டா! வெளியே வா!"

"மன்னிச்சுக்குங்க அக்கா. இனி என்னால முடியாது. எங்க ஜாதிக்கே கோடையில மண்ணுக்குள்ளதான் வாசம். மழ பெய்ஞ்சதும் கூப்பிடுங்க, முதல் ஆளா வர்றேன்!" என்று சொல்லித் தவளை இன்னும் ஆழமாகப் போய்விட்டது. பொய் சொல்லவில்லை. அதை வாங்கியவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசி ஆட்டம். ஓர் ஆள் குறைவாகத் தென்கரை இறங்கியது. ஆனாலும் உயிரைக் கொடுத்து ஆடியது. இரண்டு அணியும் சமமான சுற்று. தென்கரையில் கடைசியாக அடிக்க வேண்டியது வஞ்சி. ஒரே ஒரு சுற்று எடுத்தால் மடு தென்கரைக்கு. தவறவிட்டால் ஆட்டம் சமம். சமம் என்றால் போன வருஷம் ஜெயித்த கரைக்கே மடு என்பது ஏற்பாடு.

எறிய நின்றது சாத்தன். பங்குனி வெயில் அதன் முதுகில் பளபளத்தது.

முதல் காய் வந்தது. வஞ்சி குளம்பை வீசியது. காற்றுதான் பட்டது.

இரண்டாவது காய். அதுவும் போயிற்று.

குட்டி மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. காயைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் வஞ்சி சாத்தனின் அருகே போனது.

"தம்பி... ஒரே ஒரு காய். கொஞ்சம் மெதுவா எறி. என் குட்டியப் பாரு. போன கோடையில என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியும்."

சாத்தனின் நாக்கு வெளியே வந்து உள்ளே போனது.

"தெரியும் அக்கா. தெரியாம இருக்குமா? உங்க கரையில இருந்திருந்தா இந்த வாலு அந்தக் குட்டிக்காகத்தான் சுழன்றிருக்கும்" என்றது. "ஆனா இப்போ இந்தக் கரையில நிக்கிறேன். இங்கேயும் குட்டிங்க இருக்கு. எருமைக்கு நேத்துதான் கன்னு பொறந்திருக்கு. நான் எந்தக் குட்டியத் தள்ளிவிடட்டும், சொல்லுங்க?"

வஞ்சி குட்டியை ஒரு தடவை பார்த்தது. தன் இடத்துக்குத் திரும்பி வந்து நின்றது.

சாத்தன் கண்ணை மூடித் திறந்தது. வால் சுழன்றது. மூன்றாவது காய் 'விர்ர்' என்று வந்தது. வஞ்சி குளம்பைத் தூக்கும் முன்பே அது பின்னால் இருந்த மரத்தில் மோதித் தெறித்தது.

வடகரை ஆர்ப்பரித்தது. சாத்தன் மட்டும் ஆர்ப்பரிக்கவில்லை.

ஆள்காட்டி பாறையில் ஏறியது. "துள்ளன வாங்கும்போதே எனக்குத் தெரியும்! உடும்பக் கொடுத்தது மகா தப்பு!" என்று கத்தியது. அதை அடிக்க வேண்டும் என்று முயலுக்கு ஆத்திரம் வந்தது. வஞ்சிக்கு அதுகூட வரவில்லை.

மறுநாள் காலை தென்கரை விலங்குகள் ஆற்றுப் பாதையில் வரிசையாக நடந்தன. பேச்சில்லை. எல்லாக் காதும் புதர்களின் பக்கமே திரும்பியிருந்தன. வஞ்சி குட்டியை இரண்டு பன்றிகளுக்கு நடுவில் விட்டுத் தான் ஓரமாக, புதருக்கு அருகில் நடந்தது.

"அம்மா, அந்த உடும்பு மாமா ஏன் நம்மளத் தோக்கடிச்சாரு? அவரு கெட்டவரா?" என்று குட்டி கேட்டது.

"இல்லடா. ரொம்ப நல்லவரு. நம்ம ஆளுதான்."

"அப்புறம் ஏன் அந்தப் பக்கம் போனாரு?"

புதரில் ஏதோ அசைந்தது. எல்லாரும் நின்றார்கள். காடை ஒன்று படபடவென்று எழுந்து பறந்தது. வஞ்சிக்கு மூச்சு வந்தது.

"அவரு போகல. கொஞ்ச நாள் பொறுத்துக்கச் சொன்னாரு. நான்தான் பயந்துபோய்க் கொடுத்துட்டேன். சத்தம் போடாம நட கண்ணு" என்றது வஞ்சி.

தொடக்கத்தில் நாலு நாள் பார்த்த பயத்தில் ஒருவரைத் தள்ளிவிட்டால், அவருடைய நல்ல காலம் வரும்போது அது நமக்கு எதிராகத்தான் நிற்கும்.