பாறைமேட்டில் ஒரு சாண் மண்

ஓடைக்கரையில் செதிலி என்ற அழுங்கு குடியிருந்தாள். உடம்பெல்லாம் ஓடு போட்ட சாதுவான பிராணி. கறையானும் எறும்பும்தான் அவளுக்கு உணவு. ஒரு காலையில் சிங்க அரசரின் அமைச்சரான நரி அங்கே வந்து, அவளை வெளியேறச் சொன்னது.

"எதற்கு?" என்று கேட்டாள் செதிலி.

"விளையும் நிலம் அரசருடையது. இதுதான் காட்டின் சட்டம்."

"அப்படியானால் எங்களுக்கு?"

"விளையாத பாறையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அரசருக்குக் கருணை அதிகம்," என்றது நரி.

அந்தக் கருணையைச் சுமந்துகொண்டு செதிலி மேற்கே இருந்த பாறைமேட்டுக்கு ஏறினாள். அங்கே வெயிலைத் தவிர எதுவும் வளரவில்லை. இரண்டு உருண்டைப் பாறைகளுக்கு நடுவில் ஓர் இடுக்கு இருந்தது. அதில் சுருண்டு படுத்தாள். கண்ணை மூடியதும் அந்த மேடு முழுவதும் வெள்ளைப் பூவாகத் தெரிந்தது. கண்ணைத் திறந்தால் பாறை. மூடினால் பூ.

"இங்கே ஒரு தோட்டம் போடுவேன்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதல் ஆண்டு பாறையைச் சுரண்டினாள். அவள் இனத்துக்குத் தெரிந்த வேலை அதுதான். வருஷம் முழுவதும் சுரண்டிக் கிடைத்தது ஒரு கைப்பிடித் தூள். ஐப்பசி மழை அதையும் கழுவிக்கொண்டு போயிற்று.

மேட்டின் ஓரத்து இலுப்பை மரத்தில் ஒரு மந்தி இருந்தது. அது கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கேட்டது: "ஏ செதிலி, நீ பாறையைத் தேய்க்கிறாயா, பாறை உன்னைத் தேய்க்கிறதா?"

செதிலி தன் நகத்தைப் பார்த்தாள். அது பாதியாகியிருந்தது. பாறை அப்படியே இருந்தது.

இரண்டாம் ஆண்டு வழியை மாற்றினாள். கற்களை உருட்டிச் சரிவின் குறுக்கே வரிசையாக வைத்தாள். இனி மழையால் எதையும் இழுத்துப் போக முடியாது. பிறகு அதிகாலையில் மரத்தடிக்கு இறங்கி, பனியில் நனைந்த சருகுகளின்மேல் புரண்டாள். சருகுகள் ஓடுகளின் இடுக்கில் ஒட்டிக்கொண்டன. அப்படியே மேடு ஏறி, கல்வரிசைக்குப் பின்னால் உடம்பை உதறினாள். தினமும் நான்கு நடை.

"குப்பை நடந்து போகுது, பாருங்கடி!" என்று மந்தி தன் கூட்டத்தைக் கூப்பிட்டுக் காட்டியது.

சருகைத் தேடிக் கறையான்கள் வந்தன. செதிலிக்கு நாக்கில் நீர் ஊறியது. தோட்டவேலைக்கு இது கூலி என்று நினைத்து எல்லாவற்றையும் நக்கித் தின்றாள். சருகு சருகாகவே கிடந்தது. சித்திரைக் காற்று ஒரே மூச்சில் அள்ளிக்கொண்டு போயிற்று. ஏன் இப்படி ஆயிற்று என்று அவளுக்கு விளங்கவே இல்லை. அழுங்கு மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

மூன்றாம் ஆண்டு மறுபடியும் சருகு சேர்ந்தது. மறுபடியும் கறையான்கள் வந்தன. அவள் நாக்கை நீட்டப் போகும்போது கல்லுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"அக்கா, நாக்கை நீட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை."

பார்த்தால் ஒரு வேலைக்காரக் கறையான். கடுகளவு இருந்தது.

"பேசுவதானால் உங்கள் அரசியிடம் பேசுகிறேன். வரச் சொல்," என்றாள் செதிலி.

"அரசி நகர்ந்து பல வருஷம் ஆகிறது. அவருக்கு வழிகூடத் தெரியாது. இலையைத் தின்று மண்ணாக்குவது நாங்கள். எங்களிடமே பேசு."

செதிலிக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"இந்தக் கல்வரிசைக்குள் எங்களைத் தின்னாதே. நீ இலை கொண்டு வா. நாங்கள் மண் தருகிறோம்," என்றது கறையான்.

"நான் எதைத் தின்பது?"

"மேட்டுக்குப் பின்னால் தெரியும் மலைக்கு அந்தப் பக்கம் எறும்புகள் இருக்கின்றன. யார் வழி காட்டியது என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதே."

அன்றிலிருந்து செதிலி மலையைச் சுற்றிப் போய் எறும்பு தின்றுவிட்டு வந்தாள். பல நாட்கள் அரைவயிறுதான். பிடித்த உணவு மூக்குக்குக் கீழே ஊர்ந்துகொண்டிருக்க, வாயை மூடிக்கொண்டு சருகை உதறினாள்.

பிறகு ஆண்டுகள் மூடுபனி நகர்வதுபோல நகர்ந்தன. பாறையின் முதுகில் முதலில் ஒரு பச்சை நிழல் விழுந்தது. நிழல் என்று நினைத்துத் தொட்டால் பாசி. மறு மழைக்கு நான்கு தும்பைச்செடிகள் எழுந்து நின்றன. அவற்றின் வெள்ளைப் பூவைத் தேடி ஒரு வண்ணத்துப்பூச்சி வந்தது. அடுத்த நாள் அது இன்னொன்றைக் கூட்டிவந்தது. கொண்டைக்குருவி ஒன்று எங்கோ தின்ற இலந்தைப்பழத்தின் கொட்டையைப் போட்டுவிட்டுப் போனது. அது முளைத்தது.

நண்பகலில் செதிலி சுருண்டு படுத்து, காதைத் தரையில் வைத்துக்கொள்வாள். கறையான்கள் இலையை அரிக்கும் சத்தம் தூரத்துத் தூறல்போலக் கேட்கும். அந்தத் தூறலில் நனைந்தபடியே தூங்கிப்போவாள். இப்போது கண்ணை மூடினாலும் பூ, திறந்தாலும் பூ. எந்த நாளில் பாறை தோட்டமாயிற்று என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாளும் முந்தின நாளைப் போலத்தான் இருந்தது.

ஏழாம் ஆண்டு இலந்தை பழுத்தது. வாசனை பிடித்து எல்லாரும் வந்தார்கள். மந்திதான் முதலில் வந்தது. வாய் நிறையப் பழத்தை அடக்கிக்கொண்டு கேட்டது: "மண் எவ்வளவு ஆழம் செதிலி?"

உண்மையில் ஒரு சாண். ஏழு ஆண்டு உழைப்புக்கு ஒரே ஒரு சாண். அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை காலம் சிரித்த வாய் அல்லவா அது!

"யானை நின்றால் முழங்கால் வரை புதையும்," என்றாள்.

மந்தியின் வாய் திறந்தது. பழம் கீழே விழுந்தது. அதைப் பார்க்க அவளுக்கு இனித்தது. மறுநாள் மான் கேட்டபோது, "யானையின் வயிறு வரை," என்றாள். அதற்கு மறுநாள், "யானை புதைந்தால் தும்பிக்கை நுனிதான் தெரியும்," என்றாள். மந்தி அதைக் காடெங்கும் கொண்டுபோயிற்று. போகிற வழியில் தும்பிக்கை நுனியும் மறைந்துவிட்டது.

பத்தாம் நாள் நரி வந்தது. பின்னால் இரண்டு காட்டுப்பன்றிகள்.

"அற்புதமான தோட்டம் அம்மா! அரசர் கோடையில் படுப்பதற்கு ஆழமான ஒரு குளிர்ந்த பள்ளம் வேண்டுமாம். இங்கே தோண்டப் போகிறோம்."

"இது என் இடம் ஐயா. பாறையாக இருந்தபோது எடுத்தேன்."

"பாறையா? இங்கே எது பாறை?" நரி கூடியிருந்தவர்களைப் பார்த்தது. "இது பாறையாக இருந்ததை யாராவது பார்த்தீர்களா?"

மான் தரையைப் பார்த்தது. முயல் காதைச் சொறிந்தது. சிலருக்குப் பயம். சிலருக்கு உண்மையாகவே நினைவில்லை. பழம் தின்ன வந்தவர்கள், பழம் இருந்ததைத்தான் பார்த்திருந்தார்கள்.

"யானை புதையும் ஆழம் என்று நீயே சொன்னாயாம். அவ்வளவு மண்ணை ஏழு வருஷத்தில் யாரால் உண்டாக்க முடியும்? இது ஆதியிலிருந்தே விளைநிலம். உனக்கு வேறு பாறை கிடைக்காமலா போகும்?" என்றது நரி. பன்றிகளைப் பார்த்துத் தலையை அசைத்தது.

ஒரு பன்றி இலந்தையின் அடியில் கோரைப்பல்லை இறக்கியது. செதிலியின் உடம்பில் ஒவ்வொரு ஓடும் சிலிர்த்தது. பேசாமல் இருந்தால் பெருமை மிஞ்சும், தோட்டம் போய்விடும்.

"நிறுத்துங்கள்," என்றாள். "நான் சொன்னது பொய். மண் ஒரு சாண்தான்."

மந்தி கிளையிலிருந்து இறங்கி வந்தது. "என்னிடமா பொய் சொன்னாய்?"

"ஆமாம். நீ சிரிப்பாய் என்று பயந்தேன்."

நரி சிரித்தது. "நேற்றுவரை யானை ஆழம், இன்று ஒரு சாணா? எங்கே தோண்டுவது என்று நான் காட்டுகிறேன். நீயே தோண்டிக் காட்டு."

தோட்டத்திலேயே செழிப்பான இடத்தை, இலந்தையின் அடியையே, நரி காட்டியது. செதிலி குனிந்தாள். தேய்ந்துபோன நகத்தால் மெல்ல மூன்று முறை கீறினாள். நான்காவது கீறல் கல்லில் உரசிக் கிரீச்சிட்டது. கறுத்த மண்ணுக்கு அடியில் பாறை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. இலந்தையின் வேர் உள்ளே இறங்க வழியில்லாமல், விரித்த கைபோல அந்தப் பாறையின்மேல் படுத்திருந்தது.

பிறகு மந்தி மெதுவாகச் சொன்னது: "நான் பார்த்தேன். இது வெறும் பாறை. முதல் வருஷத்திலிருந்து இவளைப் பார்த்துச் சிரித்தவள் நான். பாறையைச் சுரண்டியதற்குத்தான் சிரித்தேன்."

"நாங்களும் பார்த்தோம்," என்றது மான். முயலும் தலையை ஆட்டியது.

நரி மூக்கைச் சுளித்தது. "சீ, ஒரு சாணில் அரசர் எப்படிப் படுப்பார்? வாருங்கள் போகலாம்."

"கொஞ்சம் நில்லுங்கள் ஐயா," என்றாள் செதிலி. ஓடைக்கரையை விட்டு எதிர்த்துப் பேசாமல் வந்தது அவளுக்கு மறக்கவில்லை. "இது பாறை என்று எல்லார் முன்னாலும் உரக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்."

இலந்தைப்பழம் தலையில் உதிர, கால் முழுவதும் தும்பைப்பூ ஒட்டியிருக்க, நரி அறிவித்தது: "இது பாறை. என்றைக்கும் பாறை. எடுத்தவளுக்கே சொந்தம்!"

செதிலி கீறிய இடத்தை மூடினாள். கல்லுக்கு அடியிலிருந்து கறையான் எட்டிப் பார்த்தது. "சருகு குறைகிறது அக்கா," என்றது. மறுநாள் காலை பனியில், சருகில் புரண்டு மேடு ஏறியவர்கள் இரண்டு பேர். மந்தியின் மேல் சருகு அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனாலும் ஏறியது.

அடுத்த ஆண்டு யாரோ வழிப்போக்கன் மண்ணின் ஆழம் கேட்டான்.

"ஒரு சாணும் ஒரு விரற்கடையும்," என்றாள் செதிலி. வெட்கப்படவில்லை.

உழைத்து உண்டாக்கியதை ஊதிப் பெருக்கினால் பறிப்பவனுக்கு வழி திறக்கும். அடியில் உள்ள பாறையை மறைக்காமல் காட்டுகிறவரின் ஒரு சாண் மண்ணே அவருக்கு அரணாக நிற்கும்.