கழுதைப்புலி காத்த குகை

தப்பு செய்யும் விலங்குகளை அடைப்பதற்கென்றே ஒரு காட்டில் குகைச் சிறை ஒன்று இருந்தது. அதற்குக் கழுதைப்புலி காவல்.

சிறை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துவர, சிங்கராஜா மாதம் ஒருமுறை மானை அனுப்பும். "உள்ளறையில் பாம்பு இருக்கிறது, ஐயா!" என்று கழுதைப்புலி சொல்லும். மான் வாசலோடு திரும்பிவந்து, "எல்லாம் நலம், அரசே" என்று சொல்லிவிடும். நல்ல சோதனைதான், போங்கள்!

ஒருமுறை, அரசரின் கிழங்கைத் தின்ற முயலுக்குப் பத்து நாள் சிறை கிடைத்தது. ஒரு மாதமாகியும் அது வீடு திரும்பவில்லை. அதன் மனைவி சிங்கராஜாவிடம் வந்து அழுதது. மானுக்கு அன்று காய்ச்சல். ஆகவே கீரி போனது. கீரி எதையும் லேசில் நம்பாது.

குகைக்குள் பச்சைப் புல் குவிந்து கிடந்தது. விலா எலும்பு தெரிய நின்ற ஆடுகளும் முயல்களும் அதில் வாயே வைக்கவில்லை.

"ஏன் சாப்பிடவில்லை?" என்று கீரி கேட்டது.

எல்லாம் கழுதைப்புலியின் முகத்தைப் பார்த்தன. 

"பசியில்லையாம், ஐயா" என்றது கழுதைப்புலி.

கீரிக்குச் சந்தேகம் தட்டியது. "கிழங்கு தின்ற முயல் எங்கே?"

"அது அன்றைக்கே போய்விட்டதே!"

"அந்தப் பாறைக்குப் பின்னால் என்ன?"

சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? "உள்ளறை, ஐயா. பாம்பு இருக்கிறது!"

"அப்படியா? நான் கீரி அல்லவா! பாம்பைப் பார்த்து நாளாயிற்று. பாறையை நகர்த்து."

கழுதைப்புலி பாறையைத் தொடவில்லை. ஆடுகள் ஓடிவந்து முட்டிப் பாறையைத் தள்ளின. உள்ளே பாம்பு இல்லை. கால் ஒடிந்த முயல்தான் கிடந்தது.

"கழுதைப்புலி தனக்கு வளை தோண்டச் சொல்லி என்னை அடித்தது. கால் ஒடிந்ததும் இங்கே ஒளித்துவிட்டது. அந்தப் புல் சோதனைக்கு வருபவர் கண்ணுக்குக் காட்டத்தான்; வாய் வைத்தால் அடி" என்று முயல் முனகியது.

சிங்கராஜா கழுதைப்புலியை அதே அறையில் அடைத்தது. பிறகு மானைப் பார்த்துக் கர்ஜித்தது: "ஒருநாளாவது உள்ளே போனாயா?"

"பாம்பு இருப்பதாகக் காவலன் சொன்னதே, அரசே!"

"காவலன் சொல்வதைக் கேட்டுவர நீ எதற்கு?"

அப்போது முயலின் மனைவி கேட்டது: "மான் சொன்னதை இத்தனை மாதம் நம்பியது யார், அரசே?"

சிங்கராஜா தலைகுனிந்தது.

நீதி: சிறையின் நிலையைக் காவலனிடம் கேட்காதே; உள்ளே போய், அடைபட்டவனைப் பார்த்துக் கேள்.