கஸ்பாரின் செல்ஃப் பட்டன்

பிரிசில்லாவுக்கு முப்பத்தொரு வயது. கடற்கரைச் சாலையில் பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தாள். அவளிடம் தொழில் பழக வந்த கோமதிநாயகத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தீப்பெட்டி ஆலை மூடிய பிறகு வேறு வழி தெரியாமல் வந்தவர். டீக்கடையில் அவளைக் கேலியாகக் 'குருவம்மா' என்றார்கள். கோமதிநாயகம் அதையே மரியாதையாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

அவர் கைக்கு வந்த முதல் வேலை கஸ்பாரின் பைக். பின்னால் ஐஸ் பெட்டி கட்டி ஊர் ஊராக மீன் விற்கிறவர் கஸ்பார். விசைப்படகில் வலது கால் நசுங்கியதிலிருந்து கிக்கரை மிதிக்க முடியாது. செல்ஃப் பட்டன் வேலை செய்தால்தான் பிழைப்பு.

கோமதிநாயகம் சுவிட்சைப் பிரித்தார். உள்ளே செம்புத் தகட்டில் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்தார், துடைத்தார், மாட்டினார். வண்டி உறுமியது.

"மகராசனா இருக்கணும் அண்ணாச்சி," என்று கஸ்பார் கும்பிட்டார்.

ஆலை மூடிய பிறகு கோமதிநாயகத்தை யாரும் கும்பிட்டதில்லை. அன்று முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே வேலை பார்த்தார்.

இரண்டு வாரத்தில் வண்டி திரும்பி வந்தது. மறுபடி களிம்பு, மறுபடி உப்புத்தாள், மறுபடி கும்பிடு. அதற்கடுத்த முறை கஸ்பார் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். உருகிய ஐஸ் ரோட்டில் கோடு போட்டிருந்தது.

"இன்னைக்குச் சாளை மீன் பூராவும் கெட்டுப்போச்சு, கோழித் தீவனத்துக்குத்தான். இன்னொரு தடவை நின்னா வண்டிய வித்துட்டு வலை பின்னப் போயிருவேன்."

கோமதிநாயகம் பிரித்துப் பார்த்தார். தேய்த்துத் தேய்த்துத் தகடே மெலிந்திருந்தது.

"குருவம்மா, நான் சரியாத்தான பண்ணுதேன்? ஏன் திரும்பத் திரும்ப வருது?"

பிரிசில்லா கழற்றிக்கொண்டிருந்த டயரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவருக்குக் கை குடுங்க."

"யாருக்கு?"

"கஸ்பார் அண்ணனுக்கு."

கொடுத்தார். ஈரமாக, சில்லென்று, பிசுபிசுத்தது.

"இப்ப விரலை நாக்குல வைங்க."

"அய்யோ, நான் சைவம் தாயி!"

"உப்பு சைவம்தான்."

கஸ்பார் சிரித்துவிட்டார். கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை நாக்கில் வைத்தார். கரித்தது. கண்ணைத் திறந்து சுவிட்சைப் பார்த்தார். பிறகு கஸ்பாரின் கட்டைவிரலைப் பார்த்தார்.

"ஐஸும் மீனும் அள்ளிப் போட்டுட்டு, இதே கையாலயா அமுக்குதீரு?"

"வேற கைக்கு நான் எங்க போவ?"

கோமதிநாயகம் புதுத் தகடு போட்டார். கிரீஸ் தொட்டு வைத்தார். கடைசியாக, தன் தோளில் கிடந்த நீலக் கரைத் துண்டை எடுத்து ஹேண்டிலில் முடிந்தார்.

"துடைக்காம பட்டனைத் தொடப்படாது, சொல்லிட்டேன்."

கஸ்பார் கும்பிட்டுப் போனார். அதன் பிறகு வரவில்லை.

மழைக்காலம் வந்தது, போனது. மீன் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் கோமதிநாயகம் வாசலை எட்டிப் பார்த்தார்.

"கஸ்பார் நம்மள மறந்தே போயிட்டாரு, குருவம்மா."

"வாங்க, டீ குடிச்சிட்டு வருவோம்."

மீன் ஏலக்கூடத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப் போனாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கஸ்பார் கடைசிக் கூடை ஐஸைக் கொட்டிப் பெட்டியை மூடினார். ஏலக்காரரோடு விலைச் சண்டை போட்டபடியே, பார்க்காமல் கையை நீட்டினார். துண்டில் துடைத்தார். பட்டனை லேசாகத் தொட்டார். வண்டி கிளம்பியது. இவர்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"பாத்தியளா? ஒரு கும்பிடுகூடக் கிடையாது."

பிரிசில்லா டீயை ஊதினாள்.

"அவரு கை துடைச்சது யாரு துண்டு, அண்ணாச்சி?"

கோமதிநாயகத்தின் கை தானாகத் தன் தோளைத் தடவியது. வண்டிச் சத்தம் வளைவு தாண்டித் தேயும்வரை கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வண்டி போன திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.