செவ்வாய்க்கிழமைப் பேதுரு

"தாயே, என் பேதுரு மறுபடியும் பொம்பளையாத்தான் வந்திருக்கார்."

ஒர்சோலா அண்ணாந்து சுவரைப் பார்த்தாள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

"தாடி நல்லாத்தான் இருக்கு, அக்கா."

"தாடி மட்டும்தான் இருக்கு."

ஐந்நூறு வருடங்களுக்கு முன், ஃபிளாரன்ஸுக்குத் தெற்கே ஒரு கன்னியர் மடம். அங்கே ஓவியம் சொல்லித்தந்த ஒர்சோலாவுக்கு வயது முப்பது. கற்றுக்கொள்ள வந்த தியனோராவுக்கு ஐம்பத்தொன்று. பெரியவள் சின்னவளைத் தாயே என்பாள். சின்னவள் பெரியவளை அக்கா என்பாள். மடத்தில் யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் இயேசுவின் கடைசி இராவுணவு. இயேசுவையும் பதினொரு சீடர்களையும் ஒர்சோலா வரைந்து முடித்திருந்தாள். மீனவராயிருந்து சீடரான பேதுருவை மட்டும் தியனோராவிடம் விட்டாள். ஏன் என்று சொல்லவில்லை.

சுவரில் சாந்து பூசி, அந்த ஈரம் காய்வதற்குள் வரைந்துவிட வேண்டும். காய்ந்த பிறகு திருத்த முடியாது. உளியால் கொத்திவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். திங்கட்கிழமைப் பேதுருவைக் கொத்தியாகிவிட்டது. இது செவ்வாய்க்கிழமைப் பேதுரு.

இன்று புதன். நாளை பெரிய வியாழன், அந்த இராவுணவின் நாள். திருச்சபைத் தலைவரான ஆயர் ஓவியத்தைப் பார்க்க வருகிறார். பேதுரு சரியாக வராவிட்டால் நகரத்திலிருந்து ஓவியனை வரவழைப்பதாக மடத்துத் தலைவி சொல்லிவிட்டார். ஆணை ஆண்தான் வரைய முடியும் என்று ஊரில் ஏற்கெனவே பேச்சு. அவன் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால், அப்புறம் இங்கே எந்தப் பெண் கையிலும் தூரிகை இருக்காது.

"யாரைப் பாத்து வரைஞ்சீங்க?"

"சமையக்கட்டு பியேராவை. ஆட்டு ரோமத்துல தாடி கட்டி உக்கார வச்சேன்."

"நானும் அவளைத்தான் உக்கார வச்சேன். அதோ யாக்கோபு, அவர் பியேரா. பக்கத்துல தோமா, அவரும் பியேராதான். ஒன்பது வயசுல இங்க வந்தேன். பாவமன்னிப்புக் குடுக்கற சாமியாரோட குரலைத்தான் கேட்டிருக்கேன், அதுவும் கம்பிக்கு அந்தப் பக்கம். எனக்கு வேற வழி இல்ல."

ஒர்சோலா தியனோராவின் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குமா இல்ல?"

தியனோரா தூரிகையைக் கழுவ ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவள் அவள். ஆர்னோ என்னும் ஆற்றில் மீன் பிடித்தவர் அவள் கணவர். ஒரு வெள்ளத்துக்கு அடுத்த நாள் படகு மட்டும் கரை ஒதுங்கியது. அதன் பிறகுதான் மடத்துக்கு வந்தாள்.

"தூரிகையை எடுத்தாலே அந்த முகம் வருது, தாயே. வராதேன்னு தள்ளிவிட்டுட்டுத்தான் பியேராவைப் பாக்கறேன்."

"ஏன் தள்ளணும்?"

"எல்லாத்தையும் வாசல்லயே விட்டுட்டு வரேன்னு வாக்குக் குடுத்தேனே. மறக்க வைன்னு ஆறு வருஷமா தினம் ஜெபம் பண்றேன்."

"மறந்துதா?"

"இல்ல. என் ஜெபத்துல ஏதோ குறை."

ஒர்சோலா சமையலறைக்குப் போனாள். ஒரு முழு ரொட்டியோடு வந்து அதைத் தியனோராவின் கையில் வைத்தாள்.

"நாள் பூரா வலை இழுத்துட்டு வந்த ஆள் இதை எப்படிப் பிடிப்பார்? எனக்குத் தெரியல. சொல்லிக்குடுங்க."

தியனோரா ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தாள்.

"கட்டைவிரலை மடக்க மாட்டார். கயிறு அறுத்த விரல் அது."

"அப்புறம்?"

"இப்படிப் பிய்ப்பார்." ரொட்டி இரண்டானது. "பெரிய துண்டை என்கிட்ட நீட்டுவார். ஒருநாள்கூடச் சின்னதை நீட்டினதில்ல."

நீட்டிய கை அப்படியே நின்றது. ஆறு வருடமாக அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்கு அப்போது வந்தது.

ஒர்சோலா அந்தத் துண்டை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். தேற்றவில்லை. உளியை எடுத்துச் செவ்வாய்க்கிழமைப் பேதுருவைத் தானே கொத்தினாள். தானே சாந்து குழைத்துப் பூசினாள். அது சிஷ்யை செய்ய வேண்டிய வேலை.

"மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும், அக்கா."

சொல்லிவிட்டு, சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் ஜன்னலில் ஏறி, தரைக்கு இறங்கியது. பின்னால் தூரிகைச் சத்தம். நடுவில் ஒருமுறை மூக்கு உறிஞ்சும் சத்தம். ஒருமுறை, அவள் காதில் விழுந்தது சரியென்றால், மெல்லிய சிரிப்பு.

"திரும்புங்க, தாயே."

ஒர்சோலா திரும்பினாள்.

தண்ணீரின் பளபளப்பைப் பார்த்துப் பார்த்து இடுங்கிய கண்கள். ஒரு பக்கம் கோணிய மூக்கு. மடங்காத கட்டைவிரல். ரொட்டியின் பெரிய துண்டு மேஜையைத் தாண்டி, கூடத்தில் சாப்பிட உட்காருகிறவர்கள் பக்கமாக நீண்டிருந்தது.

இயேசுவின் மேஜையைச் சுற்றிச் சீடர்களாகப் பதினொரு பியேராக்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு ஆண்.

ஒர்சோலா வெகுநேரம் பார்த்தாள். மடத்துக்கு வந்த பிறகு ஒரு ஆணை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததே இல்லை.

"யார் இது?"

"பேதுரு."

"அதை ஆயர்கிட்ட சொல்லிக்கலாம். எனக்குச் சொல்லுங்க."

ஆறு வருடமாக ஜெபத்தில்கூடச் சொல்லாத பெயர். தியனோராவின் உதடுகள் இரண்டு முறை திறந்து மூடின.

"லாப்போ."

சாப்பாட்டு மணி அடித்தது. தாழ்வாரத்தில் கன்னியர்களின் செருப்புச் சத்தம் நெருங்கியது.

ஒர்சோலா மடியிலிருந்த ரொட்டித் துண்டை எடுத்தாள். எழுந்து நின்று சுவரைப் பார்த்தாள்.

"வாங்க லாப்போ அண்ணா," என்றாள். "சாப்பிடலாம்."